ஸ்பானரைத் தொடும் முன் சிக்கலை எழுதுவது எப்படி?

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டம். மூன்று மாதத்தில் இரண்டு முறை போர் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. விவசாயி கடைக்கு வந்து, "5 எச்.பி. தாங்கலைங்க, 7.5 போட்டுக் குடுத்துடுங்க" என்கிறார். ஓசூரில் ஒரு சிறு பட்டறை. கம்பெனிக்கு அனுப்பிய அலுமினிய ஹவுசிங்குகள் (பேரிங் உட்காரும் கூடுகள்) திரும்பி வருகின்றன. "செகண்ட் ஷிஃப்ட் ஆளுக்கு வேலையில கவனமே இல்ல" என்கிறார் சூப்பர்வைசர். தர்மபுரியில் ஒரு இ-சேவை மையம். வாசல் வரை வரிசை. "சர்வர் ஸ்லோ சார்" என்கிறார் உள்ளே இருப்பவர்.

இந்த மூன்றில் ஒன்றுகூடச் சிக்கலைச் சொல்லவில்லை. முதலில் வந்தது தீர்வு, இரண்டாவது பழி, மூன்றாவது சமாதானம். அப்படியே எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினால் 7.5 எச்.பி. மோட்டாரும் எரியும், ஆபரேட்டரை மாற்றிய பிறகும் ஹவுசிங் திரும்பி வரும், புது இன்டர்நெட் இணைப்பு போட்ட பிறகும் வரிசை குறையாது. ஆற்றில் தொலைத்துவிட்டுக் குளத்தில் தேடும் கதைதான்.

பட்டறை, சர்வீஸ் சென்டர், அலுவலகம், பஞ்சாயத்து என எங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், சிக்கலைச் சரியாக எழுதிக்கொள்ளும் முறையை ஒரே தாளில் பழகலாம். கீழே வரும் சம்பவங்களும் எண்ணிக்கைகளும் முறையை விளக்குவதற்காக அமைத்தவை. கணக்குகளும் பொருள்களின் குணங்களும் உண்மையானவை.

தேவையானவை: ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், அழிப்பான். பேனா வேண்டாம், ஏனென்றால் முதலில் எழுதுவதை அநேகமாக அழிக்க வேண்டியிருக்கும். இவற்றோடு அந்தந்த வேலைக்கான ஓர் அளவுக் கருவி.

முதல் படி: சொன்னதைச் சொன்னபடி எழுதி, மூன்றாகப் பிரியுங்கள்

புகாரை உங்கள் மொழிக்கு மாற்றாமல் எழுதுங்கள். "காயில் போச்சு" என்று அவர் சொன்னால் அப்படியே எழுத வேண்டும். "மோட்டார் பழுது" என்று நாகரிகமாக மாற்றும்போதே ஒரு தகவல் கழன்று போகிறது.

பிறகு தாளை மூன்று பத்தியாகக் கோடு போட்டு, சொன்னதில் எது கண்ணால் கண்டது, எது ஊகம், எது கேட்கும் தீர்வு என்று பிரிக்கவும். மோட்டார் விஷயத்தில் கண்டது: மூன்று மாதத்தில் இரண்டு முறை எரிந்தது. ஊகம்: 5 எச்.பி. தாங்கவில்லை. தீர்வு: 7.5 எச்.பி. இப்படிப் பிரித்துப் பார்த்தால் 'கண்டது' பத்தியில் பெரும்பாலும் ஒன்றரை வரிதான் தேறும். புதியவர்கள் இங்கே அதிர்ந்து போவார்கள். அந்தக் காலி இடம்தான் அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல்.

யார் சொன்னது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் சூப்பர்வைசர் சொல்லி, அவரிடம் ஆபரேட்டர் சொல்லி, அது உங்களிடம் வந்திருந்தால் நீங்கள் கேட்பது மூன்றாம் கைச் செய்தி. முதல் ஆளைப் போய்ப் பாருங்கள். போகும்போது "ஏன் இப்படி ஆச்சு?" என்று தொடங்கினால் தற்காப்புதான் பதிலாக வரும். "கடைசியா நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க, முதல்ல என்ன பாத்தீங்க?" என்று கேட்டால் தகவல் வரும்.

இரண்டாம் படி: போய்ப் பாருங்கள், அளந்து எழுதுங்கள்

பெயரடைகளுக்குப் பதில் எண்கள் வர வேண்டும். "அடிக்கடி", "ரொம்ப", "சில நேரம்" என்ற சொற்கள் தாளில் இருக்கும்வரை இந்தப் படி முடியவில்லை என்று பொருள்.

போர் மோட்டாருக்கு மூன்று அளவுகள் போதும்.

மின்னழுத்தம். மோட்டார் ஓடும்போது மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலும் தனித்தனியாகப் பாருங்கள். 410, 398, 380 வோல்ட் என்று வந்தால் சராசரி 396. அதிலிருந்து மிக விலகியது 380, விலகல் 16. 16-ஐ 396-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 சதவீத ஏற்றத்தாழ்வு. அந்தச் சதவீதத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால் காயிலின் கூடுதல் வெப்ப உயர்வு கிட்டும் என்பது மோட்டார்காரர்களின் கட்டைவிரல் கணக்கு. இங்கே 32 சதவீதம். வோல்ட்டேஜ் "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு ஃபேஸை மட்டும் பார்த்துச் சொல்பவர்கள் தவறுவது இங்கேதான்.

ஆம்பியர். டாங் டெஸ்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) மூன்று ஒயரிலும் போட்டு, நேம் பிளேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கன்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டும் பழக்கம் உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கேட்காமல் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

தண்ணீர். 200 லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம்? மோட்டார் போட்டவுடன் 3 நிமிடம் 30 விநாடி, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம், நடுநடுவே காற்றோடு துப்பித் துப்பி வருகிறது என்றால் கதை வேறு. போரில் ஊறும் தண்ணீர், பம்பு இழுப்பதற்கு ஈடுகொடுக்கவில்லை. சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிரவைப்பது அதை ஒட்டி ஓடும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சூடேறி எரியும். இந்த இடத்தில் 7.5 எச்.பி. போட்டால் போர் இன்னும் சீக்கிரம் வற்றும், மோட்டார் இன்னும் சீக்கிரம் எரியும். கேட்ட தீர்வே சிக்கலை வளர்த்துவிடும்.

எப்போது எரிந்தது என்று கேளுங்கள். இரண்டு முறையும் இரவு மும்முனை மின்சாரம் வந்த நேரம், ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகப் போட்டுவிட்டது, தோட்டத்தில் ஆள் இல்லை என்று பதில் வந்தால் தாளின் முதல் பத்தி நிரம்பத் தொடங்கிவிட்டது.

சேவை வேலைகளில் அளவுக் கருவி ஒரு நோட்டும் கோடுகளும்தான். இ-சேவை மையத்தில் இரண்டு வாரம், திரும்பி வந்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்துக்கு நேரே ஒரு கோடு. 120 விண்ணப்பத்தில் 30 திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். பெயர் அல்லது இனிஷியல் ஆவணத்துக்கு ஆவணம் மாறியது 14, ஸ்கேன் மங்கலானது 8, வருவாய் கிராமம் தவறாகத் தேர்ந்தது 5, மற்றவை 3. சர்வருக்கு ஒரு கோடுகூட இல்லை. சர்வர் மெதுவாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பலர் இரண்டாம் முறையாக வந்தவர்கள்.

இந்தப் பகுதியில் பெயர்ச் சிக்கலுக்குத் தனி நிறம் உண்டு. கிருஷ்ணகிரி 2004-ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முன் வாங்கிய சான்றிதழில் தர்மபுரி மாவட்டம் என்றிருக்கும், இப்போதைய ஆவணத்தில் கிருஷ்ணகிரி. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்களின் பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். காரணப் பட்டியல் போடும்போது இவற்றுக்குத் தனி வரி வேண்டும். "மற்றவை"யில் தள்ளினால் தொலைந்துவிடும்.

மூன்றாம் படி: இப்போதைய நிலை, வேண்டிய நிலை

இரண்டே வாக்கியங்கள். கேட்க எளிதாக இருக்கும், எழுதிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மூன்று விதிகள்: இரண்டு வாக்கியத்திலும் ஒரே பொருளைப் பற்றிப் பேச வேண்டும், இரண்டிலும் அளவு இருக்க வேண்டும், இரண்டிலும் தீர்வின் பெயர் வரக் கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இருப்பது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. 2013-ல் தண்ணீர் விடத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃப்ளூரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்ற சொற்கள் உண்டு. அதைக் 'குடிநீர்த் திட்டம்' என்று மட்டும் வரையறுத்திருந்தால் அங்கங்கே இன்னும் நாலு போர் போட்டே கணக்கை முடித்திருக்கலாம். தண்ணீர் வந்திருக்கும், பல்லில் கறையும் எலும்பில் வலியும் அப்படியே இருந்திருக்கும்.

இப்போது குழாய்த் தண்ணீர் போதாத ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். 150 வீடு. பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுதுவது இப்படி இருக்கும்: "இப்போதைய நிலை: போர் தண்ணீரில் ஃப்ளூரைடு. வேண்டிய நிலை: ஆர்.ஓ. பிளான்ட்." முதல் வாக்கியம் தண்ணீரைப் பற்றியது, இரண்டாவது இயந்திரத்தைப் பற்றியது. அளவு இரண்டிலும் இல்லை. தீர்வு உள்ளே நுழைந்துவிட்டது. மூன்று விதியும் உடைந்தது.

திருத்தி எழுதினால்: "இப்போதைய நிலை: வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 2.4 மி.கி. வேண்டிய நிலை: குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மி.கி.க்குள்." இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க அளவு 1. வேறு நீராதாரமே இல்லாதபோது 1.5 வரை.

"குடிக்கவும் சமைக்கவும்" என்ற இரண்டு சொற்கள் என்ன செய்கின்றன பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அரசுக் கணக்கில், வீட்டுக்கு 5 பேர் வீதம், 150 வீட்டுக்கு 41,250 லிட்டர். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு 8 லிட்டர் என்றால் 6,000 லிட்டர். சுத்திகரிக்க வேண்டிய தண்ணீர் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆர்.ஓ.தான் என்ற கட்டாயமும் போய்விட்டது. ஒகேனக்கல் தண்ணீரை அந்த 6,000 லிட்டருக்கு மட்டும் தனித் தொட்டியில் ஒதுக்கலாம், ஃப்ளூரைடைப் பிடித்து வைக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி வைக்கலாம், ஃப்ளூரைடு குறைந்த ஒரு போரைக் குடிநீருக்கென்று குறியிட்டு ஒதுக்கலாம். ஆர்.ஓ.வே வைத்தாலும் அது கழிக்கும் தண்ணீரில் ஃப்ளூரைடு இன்னும் செறிவாக இருக்கும், அது எங்கே போகிறது என்ற கேள்வியும் தாளில் ஏற வேண்டும். இங்கே இன்னொன்று: "கொதிக்க வெச்சுக் குடிங்க" என்ற அறிவுரை கிருமிக்குச் சரி, ஃப்ளூரைடுக்கு உதவாது. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளூரைடு பாத்திரத்திலேயே தங்கும்.

தக்காளித் தோட்டத்துக்கும் இதையே செய்யுங்கள். விவசாயிக்கு வேண்டியது மோட்டாரா? ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். உச்ச வெயிலில் நாளைக்கு 5 மி.மீ. தண்ணீர் என்று வைத்தால் சுமார் 20,000 லிட்டர். டிரம் மூன்றரை நிமிடத்தில் நிரம்பும் வேகத்தில் இது ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு நிமிட வேகத்தில் பத்து மணி நேரம். ஆக வேண்டிய நிலை: "நாளொன்றுக்கு 20,000 லிட்டர் வயலுக்குப் போக வேண்டும், நீர்மட்டம் பம்புக்குக் கீழே இறங்கினால் மோட்டார் நிற்க வேண்டும்." எச்.பி. என்ற சொல்லே வரவில்லை.

நான்காம் படி: எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்தப் படியாக இருக்கட்டும். சார்ல்ஸ் கெப்னர், பெஞ்சமின் ட்ரெகோ என்ற இரு அமெரிக்கர்கள் வகுத்த முறை இது. எல்லாரும் சிக்கல் இருக்கும் இடத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். இது, சிக்கல் இருந்திருக்கக்கூடிய, ஆனால் இல்லாத இடத்தையும் எழுதச் சொல்கிறது. எது, எங்கே, எப்போது, எவ்வளவு என்ற நான்கு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டு பதில். பிறகு, "இந்த இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம்?"

ஓசூர் பட்டறைக்குப் போவோம். அலுமினிய ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் உள்விட்டம் 62 எச்7, அதாவது 62.000 முதல் 62.030 மி.மீ. வரை இருக்க வேண்டும். கம்பெனியில் அளந்தால் 61.994 என்று வருகிறது. பட்டறையின் பதிவேட்டில் எல்லாம் ஓகே. சூப்பர்வைசர் ஆபரேட்டரைக் கைகாட்டுகிறார். தாளை நிரப்புவோம்.

எது? அலுமினிய ஹவுசிங்கில் இருக்கிறது. அதே 62 எச்7 அளவுள்ள வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் இல்லை.

எங்கே? கணினி சொல்படி கடையும் இரண்டு சி.என்.சி. இயந்திரத்திலும் இருக்கிறது. ஏதோ ஒரு இயந்திரத்தில் மட்டும் என்றில்லை.

எப்போது? இரண்டாவது ஷிஃப்டில் இருக்கிறது, முதல் ஷிஃப்டில் இல்லை. மார்ச்சிலிருந்து இருக்கிறது, அதற்கு முன் இல்லை.

எவ்வளவு? எல்லாம் சிறியதாகத்தான் வருகிறது. பெரியதாக ஒன்றுகூட வருவதில்லை.

இப்போது ஊகங்களை ஒவ்வொன்றாக இந்தத் தாளின் மேல் வைத்து உரசுங்கள். "ஆபரேட்டருக்குக் கவனமில்லை": அப்படியென்றால் அதே ஆள், அதே ஷிஃப்டில் செய்யும் வார்ப்பிரும்பு எப்படிச் சரியாக வருகிறது? கவனக் குறைவு இருபக்கமும் சிதறும், சிறியதும் வரும், பெரியதும் வரும். இங்கே ஒரே பக்கம். ஊகம் விழுந்தது. "டூல் தேய்ந்துவிட்டது": இரண்டு இயந்திரத்திலும் இரண்டாவது ஷிஃப்டில் மட்டுமா தேயும்? விழுந்தது. "வார்ப்பு சரியில்லை": முதல் ஷிஃப்டுக்கும் அதே வார்ப்புதான். விழுந்தது.

வித்தியாசங்களைப் பாருங்கள். மார்ச்சில் என்ன மாறியது? அதுவரை இரண்டு ஷிஃப்டிலும் இன்ஸ்பெக்டர் இருந்தார். இப்போது முதல் ஷிஃப்டுக்கு மட்டும். அவர் தட்டில் சேர்ந்த ஹவுசிங்குகளை மணிக்கு ஒரு முறை வந்து அளப்பார், அதற்குள் அவை ஆறியிருக்கும். இரண்டாவது ஷிஃப்டில் ஆபரேட்டர் இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து, நடு அளவான 62.015-க்கு வரும்படி ஆஃப்செட்டை (டூல் எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்று இயந்திரத்தில் கொடுக்கும் எண்ணை) திருத்துகிறார். சொல்லப்போனால் கவனமானவர், ஒவ்வொன்றையும் அளக்கிறார்.

அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விரியும். அறையைவிட 15 டிகிரி கூடுதல் சூட்டில் 62 மி.மீ. உள்விட்டம் சுமார் 21 மைக்ரான் பெரிதாகக் காட்டும். சூட்டில் 62.015, ஆறினால் 61.994. வார்ப்பிரும்பு அதில் பாதிக்கும் குறைவாக, சுமார் 10 மைக்ரான்தான் விரியும். சூட்டில் 62.015, ஆறினால் 62.005, பாஸ். தாளில் இருந்த எல்லா 'இருக்கிறது'க்கும் எல்லா 'இல்லை'க்கும் ஒரே விளக்கம் பொருந்திவிட்டது.

பொருந்தியதால் மட்டும் நம்பிவிட வேண்டாம். ஐந்து ஹவுசிங்கை எடுத்தவுடன் அளந்து, எண் போட்டு வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்கவும். 0.02 அருகில் வித்தியாசம் வந்தால் உறுதி. செலவு, ஒரு மார்க்கர் பேனாவின் மை.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு, 'இல்லை' பத்தியில் சம்பந்தமில்லாததை எழுதுவது. "சேலம் பட்டறையில் இல்லை" என்று எழுதிப் பயனில்லை, அங்கே எல்லாமே வேறு. மிக நெருங்கிய ஒப்புமை வேண்டும்: அதே ஆள், வேறு பொருள், அதே பொருள், வேறு ஷிஃப்ட். நெருக்கம் கூடக்கூட வித்தியாசங்கள் குறையும், தேடும் இடம் சுருங்கும். இன்னொரு தவறு, 'இல்லை' என்பதை யாரும் போய்ப் பார்க்காமல் நினைவிலிருந்து நிரப்புவது. முதல் ஷிஃப்டில் புகார் வரவில்லை என்பதும் முதல் ஷிஃப்டில் சிக்கல் இல்லை என்பதும் ஒன்றல்ல.

ஐந்தாம் படி: அதே வாக்கியத்தை வேறு வேறாகச் சொல்லிப் பாருங்கள்

வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் கொடுத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேலிக்கு ஆளாகலாம், பரவாயில்லை. "திரும்பி வந்த விண்ணப்பத்துக்காக மக்கள் மையத்துக்கு அலைகிறார்கள்."

'திரும்பி வந்த': ஏன் திரும்புகிறது, அனுப்பும் முன்பே பிடிக்க முடியாதா? 'மக்கள்': எல்லாருமா? அஞ்செட்டி மலைக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருபவருக்கும் பக்கத்துத் தெருக்காரருக்கும் ஒரே அலைச்சலா? 'மையத்துக்கு': இங்கே வந்துதான் ஆக வேண்டுமா, திருத்தம் வேண்டும் என்பதை முதலில் போனில் சொல்ல முடியாதா? 'அலைகிறார்கள்': ஒரு முறை வருவதா சிக்கல், என்ன கொண்டுவர வேண்டும் என்று தெரியாமல் மூன்று முறை வருவதா?

பிறகு தலைகீழாகப் புரட்டுங்கள். "எல்லா விண்ணப்பமும் திரும்பி வர வேண்டுமென்றால் என்னென்ன செய்யலாம்?" ஆவணங்களை ஒப்பிடாதே, மங்கலாக ஸ்கேன் செய், கிராமத்தை நீயே ஊகித்துத் தேர்ந்தெடு. இந்தக் கிண்டல் பட்டியலில் இன்றைக்கு உண்மையிலேயே நடந்துகொண்டிருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். நேராகக் கேட்டால் வராத பதில் இப்படி வரும், யாரும் குற்றம் சாட்டப்படவில்லை என்பதால்.

பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் சொல் விளையாட்டாகிவிடும்.

ஆறாம் படி: இரண்டு கிளைப் படம்

கார்ல் டங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் பெயரால் வழங்கும் படம். தாளின் உச்சியில் சிக்கல். அதிலிருந்து இரண்டு கிளை. இடப்பக்கம்: வேண்டிய நிலையை அடைவது எப்படி? வலப்பக்கம்: அடையாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆக்குவது எப்படி? வலக்கிளை தோல்வியை ஒப்புக்கொள்வது போலத் தோன்றுவதால் பலர் வரைவதே இல்லை. மலிவான வழிகள் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் சீசனில் நிற்கும் லாரி வரிசையை எடுத்துக்கொள்வோம். ஆலை மணிக்கு 10 டன் இறக்கும், வரிசையில் 60 டன் நிற்கிறது என்றால் கடைசி லாரிக்கு 6 மணி நேரம்.

இடக்கிளை, காத்திருப்பைக் குறைக்க: தோட்டத்துக்கே முந்தைய நாள் நேரம் குறித்த டோக்கன் கொடுப்பது; சிதறலாகக் கொட்டி வராமல் கிரேட்டில் (பிளாஸ்டிக் பெட்டியில்) வருவது; தரம் பார்க்கும் மேசையை இரண்டாக்குவது. இதில் இறக்கும் வேகத்தை மட்டும் கூட்டி, உள்ளே பழுக்கவைக்கும் இடத்தைக் கூட்டாவிட்டால் வரிசை வாசலிலிருந்து உள்ளே நகரும், அவ்வளவுதான்.

வலக்கிளை, காத்திருந்தாலும் பாதகமில்லை என்று ஆக்க: கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாம்பழம் முற்றிய காயாகத்தான் வருகிறது, ஆலையில்தான் பழுக்கிறது. சில மணி நேரம் அதைக் கெடுக்காது, வெயிலும் நசுங்கலும்தான் கெடுக்கும். ஆகவே வரிசைக்கு மேல் நிழல் கூரை. விவசாயியின் மனக்குறை நேரத்தைவிட எடையிலும் விலையிலும் இருக்கலாம். நிற்க நிற்க எடை குறைகிறது, மாலைக்குள் விலை மாறிவிடுகிறது. வந்தவுடன் எடை போட்டு அன்றைய விலையைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதே ஆறு மணி நேரம் நின்றாலும் சண்டை இருக்காது. லாரிக்காரருக்கு இது போதாது, அவருக்கு வாடகைதான் கணக்கு. யாருடைய சிக்கல் என்று பெயர் போட்டு எழுத வேண்டும் என்பது இந்தப் படம் வரையும்போதுதான் பலருக்கு உறைக்கிறது.

ஏழாம் படி: 'ஏன்' கேள்வி, அளவோடு

டொயோட்டாவிலிருந்து வந்த 'ஐந்து ஏன்' முறை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரப்படுகிறது, அதனாலேயே அதிகம் கெடுக்கவும் படுகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் அளந்த ஆதாரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஐந்து ஊகம். மோட்டார் ஏன் எரிந்தது? தண்ணீரில்லாமல் ஓடியது (டிரம் கணக்கு). ஏன் ஓடியது? நிறுத்த ஆளில்லை, இரவில் தானாகப் போட்டுக்கொண்டது. ஏன் தானாக நிற்கவில்லை? ஸ்டார்ட்டரில் டிரை ரன் பாதுகாப்பு (தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு) இல்லை. இங்கே நிறுத்திக்கொள்ளலாம். கையால் மாற்றக்கூடிய இடம் வந்ததும் நிற்பதே விதி. இன்னும் போனால் "மழை ஏன் இல்லை" என்று வந்து நிற்கும். பதில் ஓர் ஆளின் பெயராக வந்தாலும் ஒரு படி பின்னால் போய், வேறு ஆள் அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காதா என்று கேளுங்கள்.

கடைசியாக: நாலு வரி எழுதி, கையெழுத்து வாங்குங்கள்

இறுதி வரையறை நாலு வரிக்கு மேல் போகக் கூடாது. என்ன நடக்கிறது, எங்கே எப்போது (எங்கே இல்லை என்பதோடு), எவ்வளவு, சரியானால் எப்படி இருக்கும். ஹவுசிங்குக்கு இப்படி:

"இரண்டாவது ஷிஃப்டில், மார்ச்சிலிருந்து, அலுமினிய ஹவுசிங்கின் 62 மி.மீ. உள்விட்டம் சூட்டோடு அளக்கப்பட்டு ஆஃப்செட் மாற்றப்படுகிறது. ஆறியபின் 0.02 மி.மீ. அளவுக்குச் சுருங்கி 62.000-க்குக் கீழே போகிறது. முதல் ஷிஃப்டிலும் வார்ப்பிரும்பிலும் இது இல்லை. அறை வெப்பநிலையில் எல்லா ஹவுசிங்கும் 62.000–62.030-க்குள் இருக்க வேண்டும்."

இதை முதலில் புகார் சொன்னவரிடமும், பழி விழுந்தவரிடமும் படித்துக் காட்டுங்கள். இருவரும் "ஆமா, இதான்" என்று சொன்னால் தாளில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். ஒருவர் முகம் சுளித்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள், அநேகமாக ஒரு 'இல்லை' தவறாக எழுதப்பட்டிருக்கும்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? உற்பத்தி நின்றுபோன அவசரத்தில் முதல் மூன்று படியை அரை மணி நேரத்தில் முடித்து, தற்காலிகமாக ஓடவைத்துவிட்டு, மீதியை மறுநாள் செய்யலாம். தற்காலிகம் என்று தாளில் தேதியோடு எழுதுங்கள், இல்லையென்றால் அதுவே நிரந்தரமாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கு ஒரு முழு நாள் தாராளமாகக் கொடுக்கலாம். நட்டு கழன்றிருந்தால் இறுக்கிவிட்டுப் போங்கள், அதற்கெல்லாம் தாள் வேண்டாம்.

முடிந்த தாளை ஃபைலில் போட்டு மூட வேண்டாம். மோட்டாருடையது ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம், ஹவுசிங்குடையது அளக்கும் மேசைக்கு மேல், இ-சேவையுடையது ஸ்கேனருக்குப் பக்கத்தில். அடுத்த முறை அதே புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தாளில் உள்ள 'இல்லை' வரிகளை. அவற்றில் ஒன்று இப்போது 'இருக்கிறது' என்று மாறியிருந்தால் வந்திருப்பது வேறு சிக்கல், புதுத் தாள் எடுங்கள்.